சபையில் பிளவு, வீட்டில் துன்பம்: எப்படி ஜெபிப்பது?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: “பல ஆண்டுகளாக ஒன்றாகக் கூடிவந்த எங்கள் ஜெபக்குழு ஒரு மனஸ்தாபத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இதே நேரத்தில் எங்களில் ஒருவருக்குக் கடும் நோய். இன்னொருவருக்கு வேலை போய்விட்டது. விசுவாசிகளின் ஒருமைக்காக முதலில் ஜெபிப்பதா, துன்பத்தில் இருப்பவர்களின் பெலனுக்காகவா? எப்படி ஜெபிப்பது? சேர்ந்து சொல்வதற்கு ஒரு ஜெபம் எழுதித் தர முடியுமா?”

ஜெபத்தைக் கடைசிப் பகுதியில் எழுதியிருக்கிறேன். அவசரம் என்றால் நேரே அங்கே போய்விடலாம். ஆனால் “இதற்கா, அதற்கா” என்ற குழப்பத்தை வைத்துக்கொண்டே சொன்னால் இரண்டு வாரத்தில் அது வாய்ப்பாடாகிவிடும். பல வருடங்கள் ஜெபக்கூட்டங்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் என் கருத்து இது: நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு விண்ணப்பங்களே இல்லை. துன்பப்படுகிறவருக்குத் தேவன் கொடுக்கும் பெலன் பெரும்பாலும் இன்னொரு விசுவாசியின் கை வழியாகத்தான் வந்து சேருகிறது. அந்தக் கை எட்டாத தூரத்துக்கு விலகிப் போயிருந்தால், பெலனுக்காகச் செய்யும் ஜெபம் ஒருமைக்கான ஜெபமாகவும் ஆகியே தீரவேண்டும்.

யோவான் 17-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு செய்த ஜெபங்களில் சுவிசேஷங்கள் பதிவுசெய்தவற்றுள் மிக நீளமானது இதுதான், 26 வசனங்கள். இராப்போஜனம் முடிந்துவிட்டது. யூதாஸ் எழுந்து இருட்டுக்குள் போய்விட்டான். இந்த ஜெபம் முடிந்ததும் கெதரோன் ஆற்றைக் கடந்து தோட்டத்துக்குப் போகிறார், அங்கே பிடிபடுகிறார். தமக்கு இன்னும் சில மணி நேரமே இருக்கிறது என்று அறிந்தவர், பின்னால் விட்டுப்போகிறவர்களுக்காக என்ன கேட்கிறார்? 11-ஆம் வசனம்: “பரிசுத்த பிதாவே, நீர் எனக்குத் தந்தவர்கள் நம்மைப்போல ஒன்றாயிருக்கும்படிக்கு, நீர் அவர்களை உம்முடைய நாமத்தினாலே காத்துக்கொள்ளும்.” காப்பதும் ஒன்றாயிருப்பதும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிட்டன. 15-ஆம் வசனத்தில், அவர்களை உலகத்திலிருந்து எடுத்துவிடும்படி வேண்டிக்கொள்ளவில்லை, தீமையினின்று காக்கும்படியே வேண்டிக்கொள்கிறேன் என்று விளக்கமும் சொல்லிவிடுகிறார்.

தமிழில் வேதம் வாசிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. மேலே காட்டிய வசனத்தில் “நம்மைப்போல” என்று இருக்கிறது. 21-ஆம் வசனத்திலும் “அவர்களெல்லாரும் நம்மில் ஒன்றாயிருக்கவும்” என்று வருகிறது. “நாம்” என்றால் பேசுகிறவரும் கேட்கிறவரும் சேர்ந்தது. அதாவது குமாரனும் பிதாவும். கிரேக்கத்தில் “நாம்”, “நாங்கள்” என்ற வேறுபாடு கிடையாது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் பொருளைப் பார்த்துத் தேர்ந்த சொல் இது. பிதாவுக்கும் குமாரனுக்கும் இடையில் ஏற்கெனவே இருக்கிற ஒருமைக்குள் நம்மை இழுத்துக்கொள்ளும்படி கேட்கிறார் இயேசு. சமரசக் கூட்டம் போட்டு நாம் உண்டாக்குகிற பொருளாக அவர் அதைப் பேசவில்லை. பவுலும் எபேசியர் 4:3-இல் “ஆவியின் ஒருமையைக் காத்துக்கொள்வதற்கு ஜாக்கிரதையாயிருங்கள்” என்றுதான் எழுதுகிறார். உண்டாக்குங்கள் என்று எழுதவில்லை.

இனி “நாங்கள்” என்ற அந்த இன்னொரு சொல்லுக்கு வாருங்கள்: “எங்கள் பிதாவே.” அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணச் சொன்ன அதே போதனையில்தான், சில வசனங்களுக்குள், இந்த ஜெபத்தையும் இயேசு கற்றுக்கொடுக்கிறார். கதவைப் பூட்டியாயிற்று, உள்ளே ஒரே ஆள்தான். இருந்தாலும் “என் பிதாவே” என்று தொடங்க அனுமதி இல்லை. “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்.” உங்கள் குழுவில் வேலை இழந்தவரின் ஆகாரம் அந்த “எங்களுக்கு”க்குள் இருக்கிறது. நீங்கள் முகம் பார்க்க மறுக்கிற ஆளின் ஆகாரமும் அதற்குள்தான் இருக்கிறது. அவரை வெளியே நிறுத்திவிட்டு இந்தப் பரமண்டல ஜெபத்தைச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சிக்கும்.

லூக்கா 22:31-32-ஐயும் தமிழில் மெதுவாக வாசிக்கவேண்டும். “சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான். நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்.” சுளகில் விழுவது எல்லாரும், பெயர் சொல்லி வேண்டுதல் நடந்தது ஒருவனுக்கு, அதுவும் அன்றிரவே மறுதலிக்கப்போகிற சீமோனுக்கு. காரணம் அடுத்த வரியில் இருக்கிறது: “நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து.” பெலன் ஒருவனிடம் கொடுக்கப்படுகிறது, அது அவனோடு நின்றுவிடக்கூடாது. ஒருவருக்காகச் செய்யும் ஜெபம் குழுவுக்கான ஜெபமாவது இப்படித்தான். மாற்கு 2-இல் இதே காரியம் எதிர்ப்பக்கமாக நடக்கிறது. திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். “இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனின் விசுவாசம் எவ்வளவு என்று சுவிசேஷம் கணக்குப் பார்க்கவில்லை.

கடும் நோயில் நானும் ஒரு முறை கிடந்தேன். அப்போது என்னால் ஜெபிக்க முடியவில்லை, வார்த்தையே வரவில்லை. வந்தவர்களில் சிலர் என் விசுவாசத்தின் அளவை விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒரு முதியவர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பரமண்டல ஜெபத்தை எனக்கும் சேர்த்து முழுவதும் சொல்லிவிட்டு, மறுநாளும் வந்தார். அவருக்கும் எனக்கும் அதற்குமுன் அவ்வளவாக ஒத்துப்போனதில்லை.

சரி, எப்படி ஜெபிப்பது?

பெயர் சொல்லி ஜெபியுங்கள். “சபையில் சமாதானம் தாரும்” என்பது யாரையும் தொடாத ஜெபம். எதிர்ப்பக்கத்தில் நிற்கிற ஒருவரின் பெயரைச் சொல்லி, அவருடைய உடல்நலத்துக்காக, அவருடைய பிள்ளைகளுக்காக, அவர் படும் கஷ்டத்தில் பெலனுக்காகக் கேளுங்கள். “அவருடைய கண்களைத் திறந்தருளும்” என்பது இந்தக் கணக்கில் சேராது. அது ஜெபத்தின் உடையில் வந்த புகார். இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். எனக்குப் பிடிக்காத ஒருவர் அறையில் இருக்கும்போதே “பெருமையுள்ளவர்களை நொறுக்கும் ஆண்டவரே” என்று உருக்கமாக ஜெபித்தேன். அன்று ஆமென் சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடுத்தவருக்குப் பிரசங்கம் பண்ணுவது ஜெபக்கூட்டங்களின் பழைய வியாதி. மனஸ்தாபக் காலத்தில் அது முற்றிவிடும்.

இதில் பவுலின் நாசுக்கு கற்றுக்கொள்ளத் தக்கது. பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்கள் மனம் ஒத்துப்போகவில்லை. பிலிப்பியர் 4:2-இல் இருவர் பெயரையும் சொல்லிப் புத்திசொல்கிறார். கிரேக்க மூலத்தில் அந்த வினைச்சொல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, இரண்டு முறை வருகிறது. யாருக்கும் கூடக்குறைய இல்லை. சண்டை எதைப்பற்றி, யார்மேல் தப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. இருவரும் சுவிசேஷத்துக்காகத் தன்னோடு கூடப் பிரயாசப்பட்டவர்கள் என்பதை நினைவூட்டிவிட்டு, மூன்றாவது ஒருவரைக் கூப்பிட்டு அவர்களுக்கு உதவச் சொல்கிறார். இதை எழுதும்போது பவுல் கட்டப்பட்டுச் சிறையில் இருக்கிறார் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். தன் விலங்கைவிட அந்த இரண்டு பேரின் பிணக்கு அவருக்குக் கவலையாக இருந்திருக்கிறது.

அடுத்தது, ஜெபத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோக வேண்டிய இடம். பலிபீடத்தண்டையில் நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து என்கிறது மத்தேயு 5:23-24. உனக்கு அவன்பேரில் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்பேரில் இருந்தால் என்று சொல்லியிருக்கிறது. பிரிந்துபோனவர்களுக்காக நாற்பது நாள் உபவாசம் இருந்துவிட்டு, ஒரு முறைகூடப் போய்ப் பேசாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

“ஜெபக்குறிப்பு” விஷயத்திலும் கவனம் தேவை. “ஜெபிப்பதற்காகத்தான் சொல்கிறேன்” என்ற முன்னுரையோடு எத்தனை பேருடைய வீட்டுக் காரியம் ஊருக்கு வெளியாகியிருக்கிறது! நோயாளியின் விவரத்தைப் பகிருமுன் அவரிடம் கேளுங்கள். ஜெர்மனியில் நாசிகளின் நெருக்குதலுக்கு நடுவே பின்கன்வால்டே என்ற இடத்தில் போதகர்களைப் பயிற்றுவித்த டீட்ரிக் போன்ஹோஃபர், உடன் இருக்கும் சகோதரனைப்பற்றி அவன் இல்லாத இடத்தில் பேசுவதில்லை, பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிடுவது என்று ஒரு விதி வைத்திருந்தார். 1937-இல் இரகசியப் போலீஸ் அந்தப் பயிற்சியகத்தை மூடியது. 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். உயிருக்கே ஆபத்தான காலத்தில் நாவடக்கத்துக்கு ஒரு விதி தேவைப்பட்டிருக்கிறது. வெளியே நெருக்குதல் கூடும்போது உள்ளே உரசல் கூடுவது சாதாரணம். உங்கள் குழுவில் நோயும் வேலை இழப்பும் வந்த அதே நேரத்தில் பிளவும் வந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் போனால் இந்தப் பதில் ஆபத்தானதாகிவிடும். “ஒருமைக்காக ஜெபிப்போம்” என்பதை வாயடைக்கும் ஆயுதமாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. கணக்கில் தில்லுமுல்லு நடந்திருந்தால், ஒருவர் பலவீனரை நசுக்கியிருந்தால், அதைத் தட்டிக் கேட்பவர் ஒருமையைக் கெடுப்பவர் ஆகமாட்டார். சமாதானமில்லாதிருந்தும் சமாதானம் சமாதானம் என்று சொல்லி ஜனத்தின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறவர்களை எரேமியா 6:14 கடிந்துகொள்கிறது. ஆதிச் சபையும் இதைச் சந்தித்தது. அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், தங்கள் விதவைகள் விடப்படுகிறார்கள் என்று கிரேக்கரானவர்கள் (கிரேக்கம் பேசிய யூத விசுவாசிகள்) முறுமுறுத்தபோது, அப்போஸ்தலர் “பொறுமையாய் ஜெபியுங்கள்” என்று அனுப்பிவிடவில்லை. ஏழு பேரை நியமித்துப் பந்தியைச் சீர்செய்தார்கள். அந்த ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பொறுப்பு போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதன்பிறகுதான் ஜெபம்பண்ணி அவர்கள்மேல் கைகளை வைத்தார்கள். உங்கள் மனஸ்தாபத்துக்குப் பின்னால் ஒரு நியாயமான குறை இருந்தால் அதை முதலில் தீருங்கள்.

சரித்திரத்திலிருந்து ஓர் உதாரணம். மொராவியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) தப்பிவந்த விசுவாசிகள் 1722 முதல் ஜெர்மனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்ற குடியிருப்பை உண்டாக்கினார்கள். விசுவாசத்துக்காகச் சொந்த ஊரை விட்டவர்கள்தான். ஐந்து வருடத்துக்குள் உபதேசத்தின்பேரில் ஒருவரையொருவர் கடித்துக் குதறும் நிலைக்கு வந்தார்கள். பிரபு அங்கேயே வந்து தங்கி, வீடு வீடாகப் பேசினார். 1727 மே மாதம் எல்லாரும் ஓர் ஒப்பந்தத்தை ஏற்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று திருவிருந்தில் அவர்கள் உள்ளம் உருகி ஒன்றானார்கள். இரண்டு வாரத்தில், 24 ஆண்களும் 24 பெண்களும் மணிக்கணக்கைப் பங்கிட்டுக்கொண்டு சங்கிலி ஜெபத்தைத் தொடங்கினார்கள். அது நூறு ஆண்டுக்குமேல் தொடர்ந்தது. பிரசங்கங்களில் நாம் கேட்பதெல்லாம் அந்த நூறு ஆண்டைப்பற்றித்தான். அதற்குமுன் நடந்த வீடு வீடான பேச்சுவார்த்தையை யாரும் சொல்வதில்லை.

பிரிந்த திருச்சபைகள் ஒன்றாக வேண்டுவதற்கு ஜனவரி 18 முதல் 25 வரை ஒரு வாரம் உண்டு. 1908-இல் அமெரிக்கக் குரு பால் வாட்சன் தொடங்கிய வழக்கம் அது. 1930-களில் பிரான்சு நாட்டுக் குரு பால் கூத்துரியே அதில் ஒரு திருத்தம் செய்தார். மற்றவர்கள் நம் பக்கம் திரும்பிவரவேண்டும் என்று கேட்கும் ஜெபத்தில் எல்லாச் சபையாரும் எப்படிச் சேரமுடியும்? கிறிஸ்து விரும்பும் ஒருமை, அவர் விரும்பும் வழியில் வரட்டும் என்று வேண்டச் சொன்னார். இந்தத் திருத்தம் ஒரு சின்ன ஜெபக்குழுவுக்கும் அப்படியே பொருந்தும். “அவர்கள் மனந்திரும்பி வரட்டும்” என்று இரண்டு பக்கமும் ஜெபித்துக்கொண்டிருந்தால் இரண்டு பக்கமும் அசையாது. காலமும் பிடிக்கும். பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. அதற்கான பேச்சு 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கியிருந்தது. இருபத்தெட்டு வருடம்.

துன்பத்துக்கான ஜெபத்தைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிரட்டி அனுப்பப்பட்ட அப்போஸ்தலர் திரும்பி வந்ததும் சபையார் “ஒருமனப்பட்டு” ஜெபித்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 4 சொல்கிறது. மிரட்டலைத் தேவன் கவனிக்கட்டும் என்றார்கள். தங்களுக்குத் தைரியம் கேட்டார்கள். கெத்செமனேயில் இயேசுவே “என்னோடேகூட விழித்திருங்கள்” என்று மூன்று பேரைத் துணைக்குக் கேட்டார். நீங்கும்படி அவர் வேண்டிய துன்பத்தின் பாத்திரம் நீங்கவில்லை; பலப்படுத்த ஒரு தூதன் வந்தான். துணைக்குக் கேட்கப்பட்டவர்கள் தூங்கிவிட்டார்கள். “மாம்சத்தில் முள்” என்று தான் சொன்ன வேதனை நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டதற்கு “என் கிருபை உனக்குப்போதும்” என்று பதில் வந்தது. ஆகையால் சுகத்துக்காகத் தாராளமாகக் கேளுங்கள், வேலைக்காகவும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் விசுவாசக் குறைவு என்று அந்த நோயாளியின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். அவர் புலம்ப விரும்பினால் புலம்பட்டும். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்பது வேதத்துக்குள்ளேயே இருக்கிற ஜெபம். 88-ஆம் சங்கீதமோ இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு கடைசி வசனத்தை யாரும் ஒட்டவைக்கவில்லை.

இனி நீங்கள் கேட்ட ஜெபம். பெயர் சொல்ல வேண்டிய இடங்களில் நிறுத்துங்கள்.

“எங்கள் பிதாவே, நாங்கள் இரண்டு பக்கமாக நின்று உம்மை ஒரே பெயரால் கூப்பிடுகிறோம். எங்களைப் பார்த்து மனமிரங்கும்.

நாங்கள் பேசிய வார்த்தைகளை நீர் கேட்டீர். பேசாமல் மனதில் வைத்ததையும் அறிவீர். எங்கள் பக்கத்து நியாயத்தை உம்மிடம் விவரிக்க இப்போது நாங்கள் வரவில்லை. எங்கள் பக்கத்துத் தவற்றை எங்களுக்குக் காட்டும். அதைத் தாங்கும் பெலனையும் தாரும்.

எங்களைவிட்டு விலகி நிற்கிறவர்களை உமது முன் கொண்டுவருகிறோம். (பெயர்கள், மௌனம்.) அவர்களுடைய வீட்டை ஆசீர்வதியும். அவர்களுடைய சரீரத்துக்குச் சுகத்தையும் இரவுக்கு நித்திரையையும் தாரும். எங்களால் அவர்களுக்கு உண்டான காயத்தை ஆற்றும். நாங்கள் அவர்களிடம் போகவேண்டிய நாளில் எங்கள் கால் பின்வாங்காதபடி செய்யும்.

வியாதியாயிருக்கிற எங்கள் உடன்பிறப்புக்காக வேண்டுகிறோம். (பெயர்.) சுகம் தாரும், ஆண்டவரே. சுகம் தாமதித்தால் உமது சமுகத்தைத் தாரும். ஜெபிக்க முடியாத இரவுகளில் உமது ஆவியானவர் அவருக்காகப் பெருமூச்சுவிடட்டும். நாங்கள் தூங்கிவிடாதபடி எங்களை எழுப்பும்.

வேலையை இழந்தவருக்காக வேண்டுகிறோம். (பெயர்.) அவருடைய தலை குனியவிடாதேயும். எங்கள் கையில் இருப்பதில் அவருடைய பங்கு எது என்று எங்களுக்குச் சொல்லும்.

உமது குமாரன் பிடிபடப்போகும் இரவில் எங்களுக்காகக் கேட்டதையே நாங்களும் கேட்கிறோம். நாங்கள் எல்லாரும் உம்மில் ஒன்றாயிருக்கும்படி, உமது நாமத்தினாலே எங்களைக் காத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.”

பயன்படுத்தும்போது சில காரியங்கள். ஒருவரே முழுவதையும் வாசிக்கவேண்டாம். பத்தி பத்தியாக ஆள் மாறட்டும். பெயர்களுக்குப் பின் வரும் மௌனத்தைப் பாட்டால் நிரப்பிவிடாதீர்கள். ஒரு நிமிடமாவது இருக்கட்டும். நோயாளி சம்மதித்தால் அவர் அருகிலேயே போய்ச் சொல்லலாம், ஆனால் நீளம் அவருக்குத் தாங்காது. நான்காம், ஆறாம் பத்திகள் போதும். வேலை இழந்தவருக்கான பத்தியைச் சொல்லுமுன் உங்களுக்குள் ஒரு தொகை சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவதைப்பற்றி யாக்கோபு எழுதியிருப்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டு பக்கமும் உடனே ஓர் அறையில் கூட மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், அவரவர் இடத்தில் இதே ஜெபத்தைச் சொல்வதற்கு மட்டும் சம்மதம் வாங்குங்கள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஒவ்வொரு தடவையும் இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் என்று சேர்ந்து போங்கள். போகிற வழியில் அவர்கள் எதைப்பற்றிப் பேசினார்கள் என்று திரும்பி வந்ததும் யாரும் விசாரிக்கவேண்டாம்.